இறக்கை கழற்றிய விமானம்

தம்பி அந்த விமானத்தை இறால் ஏற்றுகிற ஐஸ் வண்டியில் கொண்டுவந்தான். வண்டியின் பின்கதவைத் திறந்ததும் மீன் வாடையோடு அலுமினியக் குழாய்கள் சரிந்து மணலில் விழுந்தன. அவற்றுக்குப் பின்னால் கிழிந்த துணி மூட்டை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழைய மெத்தையின்மேல், சாக்கில் சுற்றிக் கயிறு கட்டிய இரண்டு சிலிண்டர் எஞ்சின். எஞ்சினுக்கு மட்டும்தான் மெத்தை.

எங்கள் அப்பா, நைனா, டீக்கடையிலிருந்து வந்து சுற்றிப் பார்த்தார்.

"இன்னாடா இது, பந்தல் சாமானா?"

"விமானம் நைனா."

"இதுல எத்தினி பேரு செத்தாங்க?"

"யாரும் சாவல. கவுந்துடுச்சு, அவ்ளோதான்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்கே திரும்பிப் போனார்.

அந்த விமானத்தை முதலில் பார்த்தது நான். சென்னைப் பத்திரிகை வேலையை விட்டு ஊருக்கு வந்து, பொன்னேரி தாலுகாச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்த காலம் அது. உள்நாட்டில் நெல்வயல்களுக்கு நடுவே ஒரு சின்னப் பறக்கும் மைதானம் இருந்தது. விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அதை நடத்தினார். அங்கே குழாயும் துணியுமாகச் செய்த இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம் ஒன்று இறங்கும்போது மூக்கு குத்திக் கவிழ்ந்துவிட்டது. நான் போனபோது காயம்பட்டவர் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். செய்தி ஆறு வரிக்குமேல் வரவில்லை. வீட்டில் சாப்பிடும்போது, அந்த விமானத்தின் எஞ்சினும் படகு எஞ்சினும் ஒரே ஜாதி, பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிறார்கள் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் கையைச் சோற்றில் வைத்தபடி நிறுத்தினான்.

"டூ ஸ்ட்ரோக்கா, அக்கா?"

"அப்படித்தான் சொன்னாங்க."

மறுநாள் அவனும் அந்த மைதானத்துக்குப் போனான். தம்பிக்குத் தொழில் பைபர் படகு கட்டுவதும் அவுட்போர்டு எஞ்சின் பழுது பார்ப்பதும். ஓய்வு பெற்ற அதிகாரியை நாங்கள் பைலட் சார் என்றே கூப்பிட்டோம். அவர் உடைந்ததை இரும்பு விலைக்குக் கொடுத்தார். கூடவே ஒரு வாக்கும் கொடுத்தார். ஒழுங்காகக் கட்டி முடித்தால் அவரே வந்து தரையில் ஓட்டிப் பார்ப்பார். சரியாக இருந்தால் தன் மைதானத்துக்கு எடுத்துப்போய், பழைய பதிவின் கீழேயே அதிகாரிகளின் சோதனைக்கு வைப்பார். சோதனை முடிந்தால் தம்பிக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பார். சரியில்லை என்றால் அது இரும்புதான். ஒரு தடவைதான் வருவேன் என்றும் சொன்னார்.

தம்பிக்கு வேண்டியது அதுதான். தன் கையால் கட்டியதில் தானே ஏறி ஓட்ட வேண்டும். யாரோ ஓட்ட, கீழேயிருந்து பார்ப்பதற்காக அவன் இதைக் கட்டவில்லை.

அவனுடைய கொட்டகை டச்சுக்காரர் கல்லறை மதிலை ஒட்டி இருந்தது. வெளியூர்க்காரர்கள் கல்லறைக் கல்லில் செதுக்கிய கப்பலையும் எலும்புக்கூட்டையும் பார்க்க வருவார்கள். அந்தக் கோடையில் அவர்கள் கல்லறைக்கு முதுகைக் காட்டி, மதிலுக்கு மேல் எட்டி எங்கள் கொட்டகையைப் பார்த்தார்கள். கல்லறைக் காவல்காரர் ஒருநாள் வந்து குறைப்பட்டார்.

"முந்நூறு வருசத்துக் கல்லு கீது. அத்த வுட்டுட்டு எல்லாரும் உன் ஓட்ட பைப்ப பாக்குறானுங்க."

"டிக்கெட்டு போட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாமா மாமா?" என்றான் தம்பி. காவல்காரர் யோசித்துப் பார்த்தது முகத்தில் தெரிந்தது.

வேலை காலையில் தொடங்கும். வளைந்த குழாய்களைத் தம்பி நிமிர்த்தவில்லை. அலுமினியம் ஒருமுறை வளைந்தால் நிமிர்ந்த பிறகும் அந்த இடத்தில் பலம் இருக்காது என்பது எஞ்சின் வேலையிலிருந்து அவனுக்குத் தெரியும். பைலட் சார் சொன்ன தரத்தில் புதுக் குழாய் வாங்கி, அளந்து, அறுத்து, துளை போட்டான். உப்புக்காற்றுக்கு எல்லா போல்ட்டும் துருப்பிடிக்கும் என்று ஒவ்வொன்றையும் கிரீஸில் முக்கினான். எங்கள் ஊர் உப்பு ஏரி வறண்ட தரையில் ஓட்டுவதற்காகச் சின்னச் சக்கரங்களை எடுத்துவிட்டு அகலமான டயர்களை மாட்டினான். அதற்கேற்ப அச்சையும் அகலமாக்கினான்.

மூக்குப் பகுதியின் கூட்டைத்தான் அவன் முதலில் கெடுத்தான். உடைந்ததைப் பார்த்து அச்சு எடுத்து, பைபர் பாயை அடுக்கி, ரெசின் பூசி, காய்ந்ததும் தூக்கப் பார்த்தான். தூக்க முடியவில்லை. படகு கட்டிய கை படகு கனத்துக்கே கட்டியிருந்தது.

அவன் மனைவி குனிந்து விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். "இதுல அலை வந்து மோதப் போவுதா? இன்னாத்துக்கு இவ்ளோ தடிமன்?"

"பலமா இருக்கட்டும்னு."

"பலமாத்தான் கீது. கீழயே இருக்கும்."

மறுநாள் அவன் அதை ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு அடுக்கில் இன்னொன்று செய்தான். அதை அவள் ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வந்தாள்.

இறக்கைத் துணி அவள் பொறுப்பு. அவள் பிறந்த ஊரில் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் துழாவி இறாலைக் கையால் பிடிப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அதை விடவில்லை. காலையில் ஏரி, மதியம் தையல் மெஷின். பாய்மரத் துணி போன்ற விறைப்பான துணி அது. ஊசி உடைந்துகொண்டே இருந்தது. பழைய தையலைப் பிரித்து, அதன் மேலேயே புதுத்துணியை வைத்து வெட்டி, இரட்டைத் தையல் போட்டாள். நான் மறுமுனையைப் பிடித்துக்கொள்வேன். இறக்கைச் சட்டத்தில் துணியை இழுத்து மாட்டிய அன்று தம்பி அதைச் சுண்டினான். தவில் போல ஒலித்தது. மூன்று பேரும் மாறி மாறிச் சுண்டிப் பார்த்தோம்.

கவிழ்ந்தபோது மூக்குச் சக்கரம் நசுங்கி, மிதிகட்டையிலிருந்து போன கம்பிகளும் அறுந்திருந்தன. தம்பி முன்சக்கரத்துக்குப் புதுக் கவை வெல்டிங் செய்தான். மிதிகட்டையிலிருந்து ஒரு ஜோடிக் கம்பி முன்சக்கரத்துக்கும், இன்னொரு ஜோடி வால் சுக்கானுக்கும் இழுத்தான். அதற்கென்று புத்தகம் எதுவும் வரவில்லை. காலால் மிதித்து, சக்கரமும் சுக்கானும் திரும்புவதைப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினான். நானும் பார்த்தேன். மிதித்தால் திரும்பியது. இறக்கைக்குப் போகும் கைப்பிடிக் கம்பிகள் மட்டும் அறுபடாமல் பழையபடியே இருந்தன.

முதல் முறை எஞ்சினைக் கிளப்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சட்டத்தைத் தென்னை மரத்தில் கட்டியிருந்தோம். காற்றாடி இருக்கைகளுக்குப் பின்னால் இருந்தது. தம்பி கயிற்றை இழுத்தான். இருமியது. மறுபடி இழுத்தான். பிடித்துக்கொண்டது. அதன் சத்தம் ஏரிக்கு அந்தப்புறம் வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். தென்னை மரம் அசைந்தது. தம்பி வாயைத் திறந்து ஏதோ சொன்னான், ஒன்றும் கேட்கவில்லை. நானும் அவன் மனைவியும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். பின்னால் பாயில் காய்ந்துகொண்டிருந்த கருவாடு மொத்தமும் எழும்பிப் போனதை யாரும் பார்க்கவில்லை. கருவாட்டுக்காரி வந்த பிறகுதான் தெரிந்தது.

"இன்னாபா, என் சரக்க ஆந்திராவுக்கு அனுப்பிட்ட. பாரின் ஆர்டரா?"

அந்தக் கருவாட்டைப் பொறுக்கிக் கொடுக்க மாலை வரை ஆனது. அப்போதும் தம்பி சிரித்துக்கொண்டே இருந்தான்.

எங்கள் ஊரில் எதையும் மேலே பறக்கவிட முடியாது. வடக்கே தீவில் ராக்கெட் தளம். பட்டம் விடுவதற்கே சிலர் பயப்படுவார்கள். பொன்னேரி தாலுகா ஆபீசில் மனு கொடுத்தபோது, இறக்கையைக் கழற்றிவிட்டுத் தரையில் மட்டும் ஓட்டிக்கொள்ளலாம் என்றார்கள். இறக்கை இல்லாமல் எழும்பாது என்று எல்லோருக்கும் புரிந்ததால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. கோடையில் ஏரியின் ஓரம் வற்றி, வெள்ளையாக உப்புப் பூத்த தரை நீளமாகக் கிடக்கும். அங்கே கொண்டுபோய் இறக்கினோம். இறக்கை இல்லாமல் அது உரித்த கோழி மாதிரி இருந்தது. ஆனால் ஓடியது. தம்பி முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஓட்டிப்போய், அந்தக் கோடியில் வளைத்துத் திரும்பி, நூல் பிடித்த மாதிரி எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான்.

அதற்கப்புறம் ஊர் விடவில்லை. எல்லோருக்கும் ஓட்ட வேண்டும். எஞ்சினை வெல்டிங் கடைக்குத் தூக்கியவர்கள், குழாய் சுமந்தவர்கள், கருவாடு பொறுக்கியவர்கள் எல்லோரும் கேட்டார்கள். தரையும் ஊர்ப் பொதுத் தரை. விஷயம் பஞ்சாயத்துக்குப் போனது. நைனா பஞ்சாயத்தார்களில் ஒருவர். எங்கள் ஏரியில் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நைனா விமானத்துக்கும் பாடு வைத்துவிட்டார்.

"அது என்னுது நைனா" என்றான் தம்பி.

"வண்டி உன்னுது. தரை உன்னுதா?"

சீட்டு விழுந்த வரிசையில் ஒவ்வொருவராக ஏறினார்கள். எல்லோரும் படகு எஞ்சின் ஓட்டுகிறவர்கள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ஒருவர்கூடத் தடம் மாறவில்லை. முதல் தடவை உட்காருகிறவன்கூடக் கோடிக்குப் போய் வளைத்துத் திரும்பினான். கையில் பிடிப்பதைக் காலில் பிடிப்பது போலத்தான் என்று இறங்கியவர்கள் அடுத்தவர்களுக்குச் சொன்னார்கள். இவ்வளவு பேர் ஓட்டிப் பார்த்து ஒரு குறையும் இல்லை என்றால் வண்டி பக்கா என்று தம்பி முடிவு செய்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரே தெருவில் எத்தனை பேரைக் கேட்டாலும் அது ஒரு சாட்சிதான் என்பது பத்திரிகையில் முதல் வாரமே சொல்லித்தருகிற பாடம். அப்போது அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

பைலட் சார் வந்த அன்று தரையோரம் நிற்க இடமில்லை. தோணிரேவிலிருந்தும் சுண்ணாம்புக்குளத்திலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். அவர் உயரமானவர், வெள்ளைத் தொப்பி, அதிகம் பேசமாட்டார். ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டார். குழாய் மூட்டுகளில் விரலை ஓட்டினார். கொட்டகையில் இருந்த இறக்கைத் துணியைச் சுண்டினார். யார் தைத்தது என்று கேட்டார். தம்பி மனைவி முந்தானையைச் செருகிக்கொண்டு, நான்தான் என்றாள்.

"நல்ல தையல்" என்றார். அவரிடமிருந்து அதுவரை வந்த ஒரே பாராட்டு அது. தம்பியின் காது சிவந்தது.

பிறகு தனியாக ஏறி உட்கார்ந்து, கைப்பிடியை நான்கு பக்கமும் ஆட்டிப் பார்த்து, எஞ்சினைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் நேராகப் போனார். வேகம் எடுத்தார். வண்டி லேசாக இடப்பக்கம் விலகியது. அங்கே தரை முடிந்து, மேலே உப்பும் அடியில் கறுப்புச் சேறுமாக இருக்கும். விலகியது சரியாகவில்லை, அதிகமானது. நான் கரையோரம் அவருக்கு இணையாக ஓடிக்கொண்டிருந்ததால் அவர் வலது முழங்கால் முழுக்க நீண்டிருப்பதைப் பார்த்தேன். வலது காலை அவ்வளவு அழுத்தியும் வண்டி இடப்பக்கமே போனது. எஞ்சின் சத்தம் நின்றது. முன்சக்கரம் சேற்றில் புதைந்து, மூக்கு குத்தி, வால் தூக்கி நின்றது.

தம்பி ஓடினான். அவர் தானே பெல்ட்டைக் கழற்றி இறங்கினார். முழங்கால் வரை சேறு. அடி எதுவும் இல்லை. முகத்தில் கோபமும் இல்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

"முன்சக்கரக் கம்பி அறுந்திருக்கு" என்றார்.

தம்பி சேற்றில் படுத்துப் பார்த்தான். "அறுவல சார்."

ஆட்கள் சேர்ந்து வண்டியை இழுத்துக் கெட்டித் தரையில் விட்டார்கள். தம்பி ஏறினான். அதே தரையில் கோடிவரை போய், வளைத்துத் திரும்பி, நேராக வந்து அவர் முன்னால் நிறுத்தினான். பைலட் சார் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் வலது காலை மிதிச்சேன்" என்றார், ஒவ்வொரு வார்த்தையாக.

"ஆமா சார்."

"வண்டி இடது பக்கம் போச்சு."

"ஆமா சார். வலது மிதிச்சா இடதுதான போவும்?"

பைலட் சார் அவனையே பார்த்தார். தம்பி ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமா என்று சுற்றிலும் பார்த்தான். சுற்றி நின்ற அத்தனை பேரும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். போட்டு அப்படித்தான். எஞ்சின் கைப்பிடிய வலது பக்கம் தள்ளுனா மூக்கு இடது பக்கம் திரும்பும்."

"இது போட்டு இல்லைப்பா" என்றார் அவர். "இதுல வலது மிதிச்சா வலதுதான். உலகம் பூரா அப்படித்தான்."

கூட்டத்தில் யாரோ, "உலகத்துல யாருக்கும் போட்டு ஓட்டத் தெரியாதா?" என்றார்கள். பைலட் சார் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது. நைனாவும் சிரித்துவிட்டார். தம்பி சிரிக்கவில்லை. அவர் ஒரு தடவைதான் வருவதாகச் சொல்லியிருந்தார்.

அவர் போகவில்லை. கம்பிகளை மாற்றிக் கட்டு, பார்க்கிறேன் என்று படகு நிழலில் உட்கார்ந்துவிட்டார். தம்பி மனைவி அவருக்குக் காலில் ஊற்றத் தண்ணீரும் குடிக்க இளநீரும் கொண்டுவந்தாள். அரை மணி நேரத்தில் தம்பி இரண்டு ஜோடிக் கம்பிகளையும் இடம் மாற்றினான். இந்தத் தடவை பைலட் சார் ஏறி ஓட்டியபோது வண்டி சொன்னபடி கேட்டது. நேராக, வளைவாக, வேகமாக, மெதுவாக, பிறகு எட்டுப் போட்டார். இறங்கி வந்து, "வண்டி நல்லா இருக்கு, எடுத்துக்கறேன்" என்றார்.

ஊர் விசிலடித்தது. நான் என் தம்பியின் முதுகில் அடித்தேன். அவன் அதற்குள் இருக்கையில் ஏறியிருந்தான். பைலட் சார் பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டு என்றார்.

தம்பி ஓட்டினான். வண்டி வலது பக்கம் விலகியது. திருத்த வலது காலை மிதித்தான். இன்னும் விலகியது. பதறி இடதை மிதித்தான். மறுபக்கம் பாய்ந்தது. பாம்பு போன தடம் மாதிரி உப்புத் தரையில் கோடு விழுந்தது. பாதியில் அவர் எஞ்சினை நிறுத்தினார். மறுபடி முயன்றான். அதே பாம்புதான்.

பிறகு சீட்டுப் போட்டு ஓட்டியவர்களில் ரெண்டு பேரை ஏற்றினார்கள். அவர்களும் அப்படித்தான். பைலட் சார் எல்லோர் கால்களையும் ஒரு புது நோயைப் பார்ப்பது போலப் பார்த்தார். இளநீர்க் காயை எடுக்க வந்த தம்பி மனைவியிடம், "நீ உட்காரும்மா" என்றார்.

"நானா?" அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணி, சொல்லுங்க."

"ஏறு" என்றேன்.

அவள் புடவையை வாரிச் செருகிக்கொண்டு ஏறினாள். செருப்பைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். சேற்றில் இறாலைத் துழாவுகிற மாதிரி முதலில் மிதிகட்டைகளைப் பாதத்தால் தடவிப் பார்த்தாள். வண்டி நகர்ந்தது. விலகியபோது எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தக் காலை மிதித்தாள். அவ்வளவுதான். கோடிக்குப் போய்த் திரும்பி வந்து நின்றாள்.

"எப்படிடி?" என்றான் தம்பி.

"எனக்கு எவன் போட்டு ஓட்டக் குடுத்தான், மறந்து போறதுக்கு?"

பெண்கள் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

புறப்படும்போது பைலட் சார் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டார். நான் கொஞ்சம் தள்ளித்தான் நின்றேன், காதில் விழுந்தது. விமானத்தை லாரியில் அனுப்பு, சோதனைக்கு ஏற்பாடு செய்கிறேன். ஆனால் உன்னை இப்போது கற்றுக்கொள்ள எடுக்க மாட்டேன். தரையில் தப்பாக மிதித்தால் சேறு. இறங்கும்போது தப்பாக மிதித்தால் ரெண்டு பேரும் போவோம். கால் மாறிய பிறகு வா. மாறவில்லை என்றால் வராதே.

தம்பி ரெண்டு நாள் கொட்டகையில் தன் படகைத் திருப்பிப் போட்டு ஏதோ செய்துகொண்டிருந்தான். மூன்றாம் நாள் தண்ணீரில் இறக்கினான். படகின் நடுவில் ஒரு பலகை இருக்கை, அதன் முன்னால் ரெண்டு மிதிகட்டை, அங்கிருந்து உருளைகளின் வழியாக எஞ்சின் கைப்பிடிக்குக் கயிறு. வலது மிதித்தால் படகு வலது பக்கம் போகும். விமானத்தைப் படகாக்கியவன் இப்போது படகை விமானமாக்கியிருந்தான்.

கூட மீன் பிடிக்கப் போகும் பங்காளிகள் அதில் ஏற மாட்டேன் என்றார்கள். அவன் மனைவி மட்டும் ஏறினாள். அவனை எதிரில் பார்த்தால் மற்றப் படகுகள் ஒதுங்கின.

"இன்னாபா, கால்ல ஓட்டிக்கினு வர? கைக்கு லீவா?"

"ஹாரன் வெச்சுக்க மாமா."

அடுத்தவர் வலைக்கம்பை ரெண்டு தடவை சாய்த்தான். போய் நட்டுக் கொடுத்தான். மற்றவர் படகில் வழக்கமான கைப்பிடியைப் பிடித்தபோது அதிலும் தடுமாறி, துறையில் மோதினான். நைனா கரையில் நின்று, "முன்ன ஒண்ணாச்சும் தெரியும். இப்ப ரெண்டும் இல்ல" என்றார். தம்பி மறுநாள் விடியற்காலையும் கால் படகைத்தான் எடுத்தான். சில நாள் திருப்பங்களில் அவன் மனைவியே உட்கார்ந்து ஓட்டுவாள், அவன் எதிரில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பார்ப்பான். கலைந்த தலையும் சிவந்த கண்ணுமாகச் சாப்பிட வந்து உட்காரும்போது, மேஜைக்கு அடியில் அவன் கால்கள் மிதித்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

லாரியில் போன விமானத்துக்கு மழைக்கு முன்னால் சோதனை முடிந்து, பார்க்க வரச் சொல்லிச் செய்தி வந்தது. மூவரும் பொன்னேரியில் ரயில் பிடித்து, மாறி, பஸ் ஏறிப் போனோம். மைதானத்தில் எங்கள் விமானம் இறக்கையோடு நின்றது. இறக்கையோடு அதை வெட்டவெளியில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. தம்பி கிட்டே போகாமல் கொஞ்சநேரம் தள்ளியே நின்றான். பைலட் சார் முதலில் தனியாக ஏறினார். ஓடியது. முன்சக்கரம் எழும்பியது, பிறகு பின்சக்கரங்கள். சக்கரத்துக்கும் புல்லுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. தம்பி என் கையைப் பிடித்து நசுக்கினான். அவள் இரட்டைத் தையல் போட்ட துணி எங்கள் தலைக்குமேல் போனது, அடியிலிருந்து வெயில் தெரிய.

இறங்கியதும், லேசான ஆள் முதலில் என்று தம்பி மனைவியைக் கூப்பிட்டார். அவள் போய்விட்டு வந்து, "எறா புடிக்கிற எடத்துல காத்து மட்டும் இருந்தா எப்டி இருக்கும், அப்டி கீது அண்ணி" என்றாள். அவளுக்கு வேறு சொல்லத் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை அதைவிட நல்லதாகக் கிடைக்கவில்லை.

பிறகு தம்பி.

"ஏறு" என்றார் பைலட் சார். "ஆனா காலை மடிச்சுக்க. சம்மணம் போடு. நான் சொல்ற வரை மிதிகட்டை பக்கமே கால் போகக் கூடாது."

தான் கட்டிய விமானத்தில் தம்பி பந்தியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தான். பெல்ட் மாட்டினார்கள். கதவு என்று எதுவும் இல்லாததால் மடித்த முழங்கால் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அப்படியே எழும்பிப் போனான். நாங்கள் அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். விமானம் உயர்ந்து சிறுத்தது. நெல்வயலுக்குமேல் நேராகப் போய்க்கொண்டிருந்தபோது, முழங்கால் உள்ளே போனது.

"கால வெக்கச் சொல்லிட்டாரு" என்றாள் தம்பி மனைவி.

விமானம் வலது பக்கம் திரும்பியது. நேரானது. மறுபடி இடது. கடைசியாக ஒருமுறை மூக்கு தவறான பக்கம் வெட்டி இழுத்து, உடனே சரியானது. அவள் தரையில் நின்றபடியே வலது காலை அழுத்தினாள், புல் நசுங்கியது.

இறங்கி நின்றதும் பைலட் சார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "மூணுக்கு ரெண்டு."

"மூணாவது காத்து தள்ளிச்சு சார்."

"காத்து இல்ல. உன் கால். அடுத்த ஞாயிறு காலையில வா, வெயிலுக்கு முன்னால. தரையில இறக்கறது நான்தான், மத்ததெல்லாம் நீ."

தம்பி இறங்கவில்லை. பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. அவன் மனைவி ஓடிப்போய்க் குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"மேலேர்ந்து இன்னா தெரிஞ்சிது? வயலு, ஊரு, எல்லாம் பாத்தியா?"

"எங்க பாத்தேன். என் கால மட்டும்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்றான் அவன். பிறகு நிமிர்ந்து, "ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்" என்றான்.